மாற்று ஆசிரியருக்காக எழுதுங்கள்

வகுப்பில் இணையத்தைப் பயன்படுத்தும் பாடத்துக்கு ஆசிரியர் வழிகாட்டி எழுத உட்காரும்போது, நான் எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுக்கும் நாளைத்தான் முதலில் நினைத்துக்கொள்வேன். அன்று மலேசியாவின் பினாங்கில் என் வகுப்புக்குள் வரும் மாற்று ஆசிரியர் அதைக் கையில் வைத்தே பாடம் நடத்திவிட வேண்டும்.

கற்றல் தரம் (மாணவர்கள் எதைக் கற்க வேண்டும் என்பது), ஆண்டு (எந்த வகுப்பு), நேரம் மூன்றையும் குறித்தால் மேல்பகுதி முடிந்தது. அங்கே ரொம்ப மெனக்கெட வேண்டாம்.

உழைப்பெல்லாம் நடவடிக்கைப் பகுதியில்தான். ஐந்தாம் ஆண்டுக்கு எங்கள் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுன் பற்றி ஒரு பாடம் செய்தேன். "மாணவர்கள் இணையத்தில் தகவல் தேடுவர்" என்று ஒற்றை வரி எழுதியிருந்தேன். 30 நிமிடமும் தேடலிலேயே போனது. ஒரு பையன் அமெரிக்காவில் இருக்கும் ஜார்ஜ்டவுனைப் படித்துக்கொண்டிருந்தான்! இப்போது இப்படி எழுதுகிறேன்: "யுனெஸ்கோ பக்கத்தைத் திறக்கவும். ஜார்ஜ்டவுன் எந்த ஆண்டு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது? கூடவே சேர்ந்த நகரம் எது? 10 நிமிடம்." பக்கத்திலேயே விடையையும் போடுங்கள்: 2008, மலாக்கா. ஆசிரியர் திணறினால் பிள்ளைகள் நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த யுனெஸ்கோ பக்கம் ஆங்கிலத்தில் இருப்பதால், கடினமான நாலைந்து சொற்களுக்குத் தமிழில் பொருளும் எழுதிவைக்கிறேன்.

அப்புறம் இணைப்புகள். முந்தின நாளே பள்ளி வைஃபையில் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். வீட்டில் திறப்பது அங்கே திறக்காமல் போகலாம். முக்கியமான பக்கங்களை அச்சடித்துக் கோப்பில் வைத்தால், இணைய லைன் போனாலும் பாடம் நிற்காது.

எழுதி முடித்ததும் வேறு பாடம் நடத்தும் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். எந்த வரியில் அவர் புருவம் சுருங்குகிறதோ, அதைத் திருத்துங்கள்.