தாயகப் பயணப் படங்கள்: ஃபோனில் இடமும் வேண்டும், படமும் தொலையக் கூடாது

ஊருக்குப் புறப்படும்போது பெட்டியை இரண்டு மூன்று தடவை நிறுத்துப் பார்க்கிறோம். ஃபோனில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்ப்பதில்லை. ஊருக்குப் போய்ச் சேர்ந்த நாலாம் நாள், அம்மம்மா பேரப்பிள்ளையை மடியில் வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது, இடம் நிரம்பிவிட்டது என்று திரையில் வரும். அந்த அவசரத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் அழிப்போம்.

நானும் அப்படித்தான் டேப்லெட்டில் கொத்தாகப் படங்களை அழித்தேன். ஃபோனில் இருக்கிறதே என்ற தைரியம். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஃபோனிலும் இல்லை. இரண்டும் ஒரே கணக்கில் சிங்க் ஆகியிருந்தன. ஒன்றில் அழித்தது மற்றதிலும் அழிந்துவிட்டது. அண்மையில் அழித்தவை என்ற பகுதிக்குள் எல்லாம் கிடந்ததால் மீட்டெடுத்தேன். ஐஃபோனில் அழித்த படங்கள் அந்தப் பகுதியில் 30 நாள் வரை இருக்கும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன, அதாவது இணையத்தில் பிரதி ஏறிய படம் குப்பைத்தொட்டியில் 60 நாள், பேக்கப் ஆகாதது 30 நாள். பதறாமல் முதலில் அங்கே பாருங்கள்.

படத்தைத் தொலைக்காமல் ஃபோனில் இடம் பிடிக்க வேறு வழி இருக்கிறது. ஐஃபோனில் ஐக்ளவுட் போட்டோஸைப் போட்டு, 'ஆப்டிமைஸ் ஐஃபோன் ஸ்டோரேஜ்' என்பதைத் தெரிவுசெய்தால், முழு அளவுப் படம் கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பிடத்தில் இருக்கும், ஃபோனில் சின்னப் பிரதி மட்டும் நிற்கும். கூகுள் போட்டோஸில் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதை அழுத்தினால், கிளவுடுக்குப் போய்ச் சேர்ந்த படங்களை மட்டும் ஃபோனிலிருந்து எடுத்துவிடும். ஆனால் ஐஃபோன்காரர்கள் இரண்டையும் ஒன்றாக வைத்திருந்தால் கவனம்: கூகுள் செயலியில் இடத்தை விடுவித்தால் அந்தப் படங்கள் ஐக்ளவுடிலிருந்தும் போய்விடும். ஏதாவது ஒன்றை மட்டும் பிரதானமாக வைத்துக்கொள்வதுதான் நல்லது.

கிளவுடில் இருக்கும் இடத்தையும் புறப்பட ஒரு வாரம் முன்பே பாருங்கள். ஆப்பிள் இலவசமாகத் தருவது 5 ஜிபி. கூகுள் 15 ஜிபி தருகிறது, ஆனால் அது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. அது நிரம்பினால் படம் ஏறாததோடு ஜிமெயிலுக்குக் கடிதம் வருவதும் நின்றுவிடும். விமான நேரம் மாறியதைச் சொல்லும் மின்னஞ்சல் பயணத்தின் நடுவில் வராமல் போனால் என்ன பாடு என்று சொல்லத் தேவையில்லை.

இடத்தைத் தின்பது படத்தைவிட வீடியோதான். ஐஃபோனில் 4கே, நொடிக்கு 60 பிரேம் என்று வைத்து எடுத்தால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 400 எம்பி. பன்னிரண்டு நிமிடத்தில் அந்த 5 ஜிபி தீர்ந்துவிடும். அதையே 1080பி, 30 பிரேம் என்று மாற்றினால் நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பிதான். வீட்டார் பேசுவதை, பிள்ளைகள் ஓடி விளையாடுவதைப் பதிய அது தாராளம். கூகுளில் 'ஸ்டோரேஜ் சேவர்' என்ற தரத்தைத் தெரிவுசெய்தால் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்கள் அந்த அளவுக்குக் குறையும், பெரிய வீடியோக்கள் 1080பிக்கு இறங்கும். அப்படி ஏற்றிவிட்டு ஃபோனில் இருப்பதை அழித்தால் அசல் திரும்பி வராது. அசல் வேண்டுமென்றால் கணினியிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ முதலில் ஒரு பிரதி எடுங்கள்.

பேக்கப்பை வைஃபையில் மட்டும் நடக்கும்படி வையுங்கள். இல்லாவிட்டால் ஊரில் வாங்கிப் போட்ட புது சிம்மின் டேட்டா காலையிலேயே தீர்ந்துவிடும். நொடிக்கு 5 மெகாபிட் ஏற்றும் வேகத்தில் 1 ஜிபி ஏற ஏறக்குறைய 27 நிமிடம் ஆகும். இரவு சார்ஜரில் போட்டுவிட்டுப் படுத்தால் விடிவதற்குள் அன்றைய படங்கள் ஏறியிருக்கும்.

புது சிம் போடுவதற்காகப் பழைய சிம்மைக் கழற்றுமுன் இன்னொன்று. ஃபோன் தொலைந்து, வேறொரு கருவியில் கணக்கைத் திறக்க வேண்டிவந்தால், உங்களை உறுதிப்படுத்தும் குறியீடு பெரும்பாலும் வழமையான எண்ணுக்குத்தான் வரும். அந்த சிம் கையில் இல்லாவிட்டால் படமெல்லாம் கிளவுடில் இருந்தும் கதவு திறக்காது. அதற்குப் பதிலாகப் பயன்படுத்த, கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் பத்து பேக்கப் குறியீடுகள் எடுக்கலாம். தாளில் எழுதி, ஃபோனோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள்.

பழைய ஆல்பங்களுக்கு ஒரு பின்னேரத்தையாவது ஒதுக்குங்கள். இதுதான் என் பெரிய வேண்டுகோள். ஜன்னலோரம், வெயில் நேரே விழாத இடத்தில் வைத்து, மேலிருந்து நேராக எடுங்கள். பிறகு படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் எடுங்கள். மங்கிய மையில் ஒரு பெயரும் ஆண்டும் இருக்கும். யார் யார் என்று பெரியவர்கள் சொல்லச் சொல்ல, விவரத்தைப் படத்தின் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். அந்தப் படங்களை உறவினருக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும். டாக்யுமென்டாக அனுப்புங்கள், அல்லது பகிரும் ஆல்பம் ஒன்றைத் திறந்து எல்லோரையும் சேருங்கள்.

ஃபோனில் எதையும் எடுத்துவிடும் முன், வேறொரு கருவியில் கணக்கைத் திறந்து கடைசியாக எடுத்த வீடியோவை முடிவுவரை ஓடவிடுங்கள். ஆல்பத்தில் எடுத்த பின்பக்கப் படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தக் கையெழுத்து வாசிக்கும்படி இருந்தால் இடத்தை விடுவிக்கலாம்.