ஆடிக்காற்றில் சாயாத செண்டுமல்லி

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று பொள்ளாச்சிப் பக்கம் எப்படி அடிக்கும் என்று இங்கே செடி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். இடுப்பளவு வளர்ந்த செண்டுமல்லி, பூ கனத்த நேரத்தில் வருடா வருடம் சாய்ந்துவிடும். அடுக்கடுக்கான பூ, சாரல் தண்ணீரைப் பஞ்சு மாதிரி பிடித்துக்கொள்ளும். அந்தக் கனத்தோடு காற்றும் சேர்ந்தால் தண்டு தாங்காது.

ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டினால், கட்டுக்கு மேலே முறிகிறது. அதனால் இப்போது செடி முழங்கால் உயரம் வருமுன்பே, காற்று வரும் மேற்குப் பக்கம் மூங்கில் குச்சி ஊன்றிவிடுகிறேன். அப்புறம் ஊன்றினால் வேர் அறுபடும். குச்சி மண்ணுக்குள் ஒரு அடியாவது இறங்க வேண்டும். கட்டுவதற்கு நனைத்த வாழைநார். எட்டு வடிவில், குச்சிக்கும் தண்டுக்கும் நடுவே நார் குறுக்கே போகிற மாதிரி, விரல் நுழையும் அளவு தளர்வாக. செடி வளர வளர மேலே இன்னொரு கட்டு. பிளாஸ்டிக் கயிறு வேண்டவே வேண்டாம், தண்டை அறுத்துவிடும்.

நட்டு ஒரு மாதத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் செடி உயரமாகப் போகாமல் பக்கக் கிளை விடும். அடியில் மண்ணும் அணைத்துவிடுங்கள். எனக்குக் குச்சியைவிட இந்த இரண்டும்தான் அதிகம் கைகொடுத்தன என்பேன்.

மறைப்பு கட்டுவதாக இருந்தால் தகரம் வேண்டாம், பச்சை நிழல்வலை போதும். தகரத்தைத் தாண்டி வரும் காற்று மறுபக்கம் சுழன்று அடிக்கும். வலை அதன் வேகத்தை மட்டும் குறைக்கும்.