செட்டிநாட்டு வீட்டுக்குத் தனிக் கார் கொட்டகை: கடைக்கால் முதல் தளம் வரை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகள் பல, ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளவாக்கில் அமைந்தவை. உயர்ந்த திண்ணையும் படிகளும் உள்ள முன்புறத்தில் காரை ஏற்ற வழியில்லை. ஆகவே பின்வாசலை ஒட்டிய காலியிடத்தில் தனியாக ஒரு கார் கொட்டகை கட்டிக்கொள்வதே நல்லது. கார் நிறுத்துவதற்காகப் பழைய சுவரை இடித்து வாசலை அகலப்படுத்தினால் இழப்பதை மீட்க முடியாது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அங்கே பார்த்த கராஜின் வரைபடத்தை அனுப்பி, அதேபோல் கட்டச் சொல்வது இப்போது சகஜமாகிவிட்டது. அதை மேஸ்திரியிடம் கொடுப்பதற்கு முன், அதில் குறித்திருக்கும் ஆழம் எதற்காக என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். டொராண்டோ போன்ற குளிர்ப் பகுதிகளில் பனிக்காலத்தில் மேல்மண்ணின் ஈரம் உறைகிறது. உறைந்த அடுக்கு கீழிருந்து மேலும் நீரை இழுத்து, மண்ணுக்குள் பனிக்கட்டிப் படலங்களாக வளர்ந்து, மேலே நிற்கும் கட்டடத்தையே தூக்கிவிடுகிறது. வண்டல் மண்ணில் இந்தத் தொல்லை மிகவும் கடுமை. அதனால்தான் அங்கே உறைபனி எட்டாத ஆழத்துக்கு, டொராண்டோவில் ஏறக்குறைய 4 அடிக்கு, கடைக்காலை (அஸ்திவாரத்தை) இறக்குகிறார்கள். செட்டிநாட்டில் மண் உறைவதில்லை. இங்கே கடைக்காலை அசைப்பவை இரண்டு: ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பிச் சித்திரை வெயிலில் சுருங்கும் களிமண் ஒன்று, எப்போதோ யாரோ குழியை மூடிய தளர்ந்த மண் மற்றொன்று. எவ்வளவு ஆழம் என்பதை நம் மனையின் மண்ணைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

எனவே கொட்டகை வரப்போகும் இடத்தில் இரண்டு மூலைகளிலாவது 4 அல்லது 5 அடிக்குச் சோதனைக் குழி வெட்டிப் பாருங்கள். மேலே தளர்ந்த செம்மண், அதன் கீழே சரளை, அதற்கும் கீழே செம்புராங்கல் (துளைகள் நிறைந்த சிவந்த கல்) என்று வந்தால் அது நல்ல மனை. சரளையைத் தொட்டதும் கடப்பாரை இறங்காமல் கையை அதிரவைக்கும். மண் கட்டியாகப் பெயராமல் சிவந்த பொடிக்கற்களாகத் தெறிக்கும். ஊரணி, கண்மாய் ஓரத்து மனைகளில் கருமையான களி வரக்கூடும். அதில் ஒரு பிடி எடுத்து நீர்விட்டுப் பிசைந்து, பென்சில் பருமனுக்கு உருட்டுங்கள். ஒடியாமல் நீண்டு வளைந்து, நிழலில் காய்ந்தபின் நன்றாகச் சுருங்கி வெடித்தால் அது உப்பும் களி. பொறியாளரிடம் காட்டாமல் மேற்கொண்டு வேலை தொடங்க வேண்டாம். பானையோடு, கரி, சுண்ணாம்புக் கட்டி எல்லாம் கலந்து வந்தால் அது மூடப்பட்ட குழி. அந்த மண் முழுவதையும் அள்ளிவிட்டு, கை படாத கெட்டி மண்ணைத் தொடும்வரை போக வேண்டும். தூர்ந்த கிணறு என்று தெரிந்தால் கொட்டகையை வேறு இடத்துக்கு நகர்த்துவதே மேல்.

பழைய வீட்டுச் சுவரோடு சேர்த்துக் கொட்டகையைக் கட்டவே கூடாது. பல்லாண்டுகள் அமுங்கி அடங்கிவிட்ட வீடும், இனிமேல் அமுங்கப்போகும் புதுக் கட்டடமும் ஒன்றுபோல இறங்குவதில்லை என்பதால், இரண்டையும் இணைத்த இடத்தில் வெடிப்பு விழும். புதிய வானம், அதாவது கடைக்காலுக்காக வெட்டும் பள்ளம், பழைய கடைக்காலைவிட எவ்வளவு ஆழமாகப் போகிறதோ, அந்த அளவுக்காவது பழைய கடைக்காலின் விளிம்பிலிருந்து தள்ளியிருக்க வேண்டும். அதற்கும் மேல் ஓர் ஆள் நடந்துபோக இடமிருந்தால் நல்லது. கொட்டகைக் கூரையிலிருந்து விழும் தண்ணீரும் பழைய சுவரில் தெறிக்கக்கூடாது. சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய சுவர் ஈரத்தை வாங்கி மெல்ல வெளியே விடும் இயல்புடையது. அதன் காலடியில் ஆண்டுதோறும் நீர் தேங்கினால் பூச்சு உப்பி உதிர்ந்துவிடும். வளவிலிருந்து (வீட்டின் நடு முற்றப் பகுதியிலிருந்து) மழைநீர் வெளியேறும் வடிகால் பின்பக்கமாகச் சென்றால், அதன் மேல் கட்டாதீர்கள். தெருவழியாக ஊரணிக்கு நீர் சேரும்படி அமைத்த ஊர்களில் அந்த வழியை அடைப்பது நம் வீட்டோடு முடிகிற தவறு அன்று. கட்டட அனுமதியையும் இந்தக் கட்டத்திலேயே உள்ளாட்சி அலுவலகத்தில் வாங்கிவிடுங்கள்.

ஒரு காருக்கு 11 அடி அகலமும் 20 அடி நீளமும் உள்ளளவாகவும், 9 அடி வாசலும் இருந்தால் கதவைத் திறந்து தாராளமாக இறங்கலாம். முளையடித்து நூல் கட்டியதும், மூலைமட்டத்தை மட்டும் நம்பாமல் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இந்த உள்ளளவுக்கு இரண்டும் 22 அடி 10 அங்குலத்தில் ஒத்துவர வேண்டும்.

சரளை மண்ணில், மாடி இல்லாத ஓட்டுக் கொட்டகைக்கு இரண்டரை அடி அகலம், 3 அடி ஆழத்தில் தொடர் வானமே போதும். இந்தியத் தரநிலை கேட்பது குறைந்தது அரை மீட்டர் ஆழம்தான் என்றாலும், தளர்ந்த மேல்மண்ணையும் எலி வளைகளையும் கடந்துவிட 3 அடி உதவும். அடிமட்டத்தை டியூப் லெவலில் (நீர் நிரப்பிய குழாய் மட்டத்தில்) சரிபார்த்து, நீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடித்து, ஒன்றரை அங்குல ஜல்லியில் 1:4:8 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவையை 6 அங்குலம் இடுங்கள். அதன் மேல் 1:6 சிமென்ட் சாந்தில் கருங்கல் கட்டடம் வரும். இரண்டு முகத்தையும் அழகாக அடுக்கி, நடுவில் சல்லியைக் கொட்டி மூடிவிடும் வழக்கம் உண்டு, அதை அனுமதிக்காதீர்கள். ஒவ்வொரு வரிசையிலும் இடுக்குகள் சாந்தால் நிறைய வேண்டும். சுவரின் முழு அகலத்துக்கும் ஓடும் கல் ஆங்காங்கே விழ வேண்டும்.

கருங்கல்லின் மேல் பிளிந்த் பீம், அதாவது சுவரைத் தாங்கும் கம்பி கட்டிய கான்கிரீட் உத்தரம், வரும். 12 மில்லிமீட்டர் கம்பி நான்கும், 8 மில்லிமீட்டர் வளையங்களும் போடுவது வழக்கம். கம்பிக்குக் கீழே கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு கான்கிரீட் கட்டை) வைக்காமல் ஜல்லித் துண்டை வைத்துத் தூக்கினால் சில ஆண்டுகளில் துரு வெளியே தெரியும். வாசல் வரும் இடத்தில் பீமின் மேல்மட்டம் தளத்துக்குக் கீழே இருக்குமாறு முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள். கலவை 1:1½:3, ஒரு மூட்டை சிமென்டுக்கு மணலில் உள்ள ஈரத்தையும் சேர்த்து 30 லிட்டருக்கு மேல் நீர் போகக்கூடாது. வேலை சுலபமாக ஓட வேண்டும் என்று சித்தாள் கூடுதலாக ஊற்றும் ஒவ்வொரு குடமும் கான்கிரீட்டின் வலுவைக் குறைக்கிறது.

சுவர் 9 அங்குலச் செங்கல். கூரை இரும்புச் சட்டத்தின் மேல் சீமை ஓடு. தகரமும் போடலாம், ஆனால் சித்திரையில் உள்ளே நிற்க முடியாது. எதிரெதிர்ச் சுவர்களில் உயரத்தில் காற்றுத் துளைகள் விடுங்கள்.

தளத்தைக் கூரை போட்ட பிறகு இடுவதே சிறந்தது. வெயில் நேராகப் படாத கான்கிரீட்டில் வெடிப்பு குறைவு. உள்ளே கிராவலை 6 அங்குல அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வொன்றையும் நனைத்து இடித்து, தளத்துக்கு முன் கரையான் மருந்து தெளியுங்கள். கான்கிரீட் 4 அங்குலக் கனத்தில், வாசல் நோக்கி 20 அடிக்கு இரண்டரை அங்குலம் சரிவாக அமையட்டும். மழையில் நனைந்து வரும் காரிலிருந்து வடியும் நீர் தானாக வெளியேறிவிடும். சுவரைத் தளம் தொடாமல் சுற்றிலும் மெல்லிய தெர்மக்கோல் பட்டை வையுங்கள். நடுவில், 10 அடியில், குறுக்கே ஓர் அங்குல ஆழத்தில் கோடு வெட்டிவிட்டால், வர வேண்டிய வெடிப்பு அந்தக் கோட்டுக்குள்ளேயே அடங்கும். இங்கே ஆத்தங்குடிக் கல் (செட்டிநாட்டின் பூவேலைத் தரை ஓடு) பதிக்க ஆசைப்பட வேண்டாம்; எண்ணெய்க் கறையை அது உறிஞ்சிக்கொள்ளும், அந்த அழகு வீட்டுக்குள் இருப்பதே முறை.

கான்கிரீட்டை விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடியுங்கள். மறுநாளே களிமண்ணால் பாத்தி கட்டி நீர் நிறுத்த வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் சாதாரண சிமென்டுக்கு 10 நாள், சாம்பல் கலந்த சிமென்டுக்கு 14 நாள் என்பது தரநிலை சொல்லும் குறைந்த அளவு. ஒருநாள்கூடக் காயவிடக் கூடாது. 28 நாள் கழிந்த பிறகு காரை உள்ளே ஏற்றலாம்.