ஊறிப்போன மழை ஜாக்கெட்டைச் சரிசெய்த விதம்
மலையேற்றத்துக்குப் போடும் என் மழை ஜாக்கெட் உள்ளே ஈரமாக ஆரம்பித்தது. ஓட்டை எதுவும் இல்லை, தையல் மேல் ஒட்டிய டேப்பும் நன்றாகவே இருந்தது. தோள்பக்கம் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். முத்து முத்தாக உருண்டோட வேண்டிய நீர் துணியில் ஊறி, அந்த இடமே கருத்துப்போனது. பிரச்சினை அங்கேதான்.

இந்த வகை ஜாக்கெட்டில் உள்ளே நுண்துளைச் சவ்வு இருக்கும். 1969-இல் அமெரிக்கப் பொறியாளர் பாப் கோர், டெஃப்லான் என்ற பிளாஸ்டிக்கைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தபோது கிடைத்தது இதுதான். மழைத்துளி நுழையாது, வியர்வை ஆவி வெளியேறும். மேல்துணியில் நீர்விலக்கிப் பூச்சு. அது அழுக்கிலும் எண்ணெய்ப் பசையிலும் மங்கினால் துணி தண்ணீரைக் குடித்துவிடும். ஆவிக்கு வழியடைத்து நம் வியர்வையே உள்ளே தங்கும்.

ஜிப்பை மூடி, இதற்கென்றே உள்ள திரவ சோப்பில் துவைத்து, நுரை போகும்வரை அலசினேன். துணியை மென்மையாக்கும் திரவம் கூடவே கூடாது. அப்புறம் டிரையரில் மிதமான சூட்டில் 20 நிமிடம். பூச்சுக்கு உயிர் கொடுப்பது அந்தச் சூடுதான். முதலில் ஜாக்கெட்டின் லேபிள் டிரையரை அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பை வார் உரசும் தோள் மட்டும் தேறவில்லை. அங்கே நீர்விலக்கி ஸ்பிரே அடித்து மறுபடி சூடு காட்டினேன், சரியானது. ஃபுளோரின் இல்லாத புதுப் பூச்சுகள் சுற்றுச்சூழலுக்கு நல்லவை, ஆனால் எண்ணெய்ப் பசையைத் தாங்காது. அவற்றை இன்னும் அடிக்கடி துவைக்க வேண்டும்.