மலையகத்தில் புதிதாகக் குடியேறியவர்களுக்கு: மலைநடைக்குப் புறப்படும் முன்

தொழில், திருமணம், படிப்பு எனப் பல காரணங்களால் தமிழ்நாட்டிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் இலங்கை மலையகத்தின் நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை போன்ற ஊர்களுக்கு வந்து தங்கும் தமிழர்கள், வீடும் விசாவும் பிள்ளைகளின் பாடசாலையும் ஒழுங்கான பிறகு பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: இந்த மலைகளில் எங்கே, எப்போது, எப்படி நடப்பது? ஐரோப்பாவிலோ கனடாவிலோ வாழ்ந்துவிட்டு வருபவர்கள் பனிச்சறுக்கைப் பற்றியும் விசாரிப்பதுண்டு. அது இங்கு இல்லை. ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் தெளிந்த இரவுகளில் நுவரெலியாவின் புல்வெளிகளிலும் தேயிலைச் செடிகளிலும் துகள் உறைபனி படியும். வெயில் ஏறியதும் அது கரைந்துவிடும். இந்த மலைகளை அறிய விரும்புகிறவர் நடந்துதான் அறிய வேண்டும்.

நடக்கத் தொடங்குமுன் மனதில் இருத்த வேண்டியது ஒன்று உண்டு. இங்குள்ள பாதைகளில் பெரும்பாலானவை உல்லாசப் பயணிகளுக்காக வெட்டப்பட்டவை அல்ல. லயம் எனப்படும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கும், கொழுந்து பறிக்கும் தேயிலை மலைக்கும், தொழிற்சாலைக்கும், கோயிலுக்கும், பாடசாலைக்கும் மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்து உண்டான குறுக்குப் பாதைகள் அவை. இம்மக்களின் முன்னோர் 1823 முதல் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தே மலையேறியவர்கள். அந்த வழியில் நோயிலும் பசியிலும் மாண்டவர்கள் ஏராளம். 200 ஆண்டு நிறைவை ஒட்டி 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நினைவு நடைபவனியும் இடம்பெற்றது. எனவே தோட்டத்துக்குள் நுழையும்போது எதிர்ப்படும் அக்காவிடமோ அண்ணனிடமோ வணக்கம் சொல்லி, வழி கேட்டு, செல்லலாமா என்று விசாரித்துவிட்டு நடப்பதே முறை. கொழுந்து பறிக்கும் பெண்களை அவர்களின் சம்மதமின்றிப் படம் எடுக்க வேண்டாம்; அன்று பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அவர்களின் சம்பளம் குறையும் என்பதால், பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைப்பதும் கூடாது. லயத்து முற்றம் ஒரு குடும்பத்தின் வீட்டு வாசல் என்பதை மறக்க வேண்டாம். மருந்து தெளித்த மலை எது என்பதையும் அவர்களே சொல்வார்கள்; அதைச் சுற்றிக்கொண்டு போங்கள். வழிகாட்டிச் செயலிகள் காட்டும் பாதை மண்சரிவில் போயிருக்கலாம், தோட்டக்காரர் காட்டும் பாதை அன்று காலை அவர் நடந்து வந்த பாதை.

காலத்தைத் தெரிவு செய்வதில் பலர் இடறுகிறார்கள். மலையகம் முழுவதற்கும் ஒரே மழைக்காலம் கிடையாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கத்து மேற்குச் சரிவுகளை நனைக்கும்போது, மலையைக் கடந்து இறங்கும் காற்று கிழக்கே உள்ள ஊவாப் பக்கத்தில் வறண்டுவிடுகிறது. ஊவாத் தேயிலை ஜூலை முதல் செப்டெம்பர் வரை தன் உயர்ந்த மணத்தைப் பெறுவதும் அந்த வறண்ட காற்றினால்தான். ஆகவே ஆண்டின் நடுப்பகுதியில் ஊவாவில் உள்ள ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்லப் பக்கம் செல்லுங்கள். ஜனவரி கடைசி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை மேற்குப் பக்கம் நல்லது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை எங்கும் உண்டு.

முதல் நடைக்கு நுவரெலியா நகரை ஒட்டிய சிங்கிள் ட்ரீ மலை போதும். உடலுக்கு ஏற்றம் பழகும், நகரும் கிரகறி வாவியும் கண்ணுக்குத் தெரியும். அடுத்ததாக, ஹப்புத்தளைக்கு அருகே தம்பேத்தன்னைத் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் இருக்கை என்னும் காட்சிமுனைக்கு ஏறும் தோட்ட வீதியைச் சொல்வேன். தோமஸ் லிப்டன் 1890 இல் கட்டிய தொழிற்சாலை அது. வழி நெடுகிலும் தேயிலையும் லயங்களும் கோயில்களும் வருவதால், வழி தவறும் அச்சமின்றி ஒரு தோட்டத்தின் வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டே ஏறலாம். விடியற்காலையில் ஏறினால்தான் மேலிருந்து தென்புறச் சமவெளி தெரியும். நீண்ட நடையை விரும்புகிறவர்களுக்கு, கண்டி ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல வழியாகச் சுற்றி நுவரெலியாவில் முடியும் பீக்கோ பாதை இருக்கிறது. 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அப்பாதை 22 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், விடுமுறை நாளுக்கு ஒரு பகுதியாக ஆண்டு முழுவதும் நடந்து முடிக்கலாம். எல்லப் பாறைக்குப் போகிறவர்கள் ரயில் தண்டவாளத்தின் மேல் நடந்து படம் எடுக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். வளைவுகளில் ரயில் வருவது கடைசி நேரத்தில்தான் தெரியும்.

ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசிய பூங்காவாகவும், 2010 முதல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமையாகவும் பாதுகாக்கப்படுகிறது. 2,100 மீற்றருக்கு மேல் விரிந்துள்ள இந்தப் புல்வெளியிலும் மேகக் காட்டிலும்தான் மகாவலி, களனி, வளவை ஆறுகளின் ஊற்றுகள் பிறக்கின்றன. சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு என்னும் மலைவிளிம்புகளையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் தொட்டு வரும் சுற்றுப்பாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர். பெரிய உலக முடிவின் 800 மீற்றருக்கும் மேற்பட்ட செங்குத்துப் பள்ளம் காலை 9 அல்லது 10 மணிக்குள் மேகத்தால் நிரம்பிவிடுவதால், நுவரெலியாவிலிருந்து இருட்டோடு வேனில் புறப்பட்டு வாசல் திறக்கும்போதே நுழைய வேண்டும். பட்டிப்பொல, ஒஹிய நிலையங்கள் அருகில் இருந்தாலும் அந்த நேரத்துக்கு ரயில் உதவாது. பிளாஸ்டிக் பைகளை உள்ளே கொண்டுபோக அனுமதிப்பதில்லை. உணவைத் தாளிலோ பெட்டியிலோ எடுத்துச் செல்லுங்கள். மரைகள் என்னும் பெரிய மான்கள் மனிதருக்குப் பழகிப் பக்கத்தில் வந்து நின்றாலும் அவற்றுக்கு உணவு கொடுக்கக் கூடாது. வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் உள்ளூர்க் கட்டணத்தைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், வதிவிட விசா உள்ளவர்கள் அதைக் காட்டி விசாரிப்பது நல்லது.

சிவனொளிபாதமலைக்கு ஏறுவது இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டது. 2,243 மீற்றர் உயரமான அந்தச் சிகரத்தில் உள்ள பாதச்சுவட்டைச் சைவர்கள் சிவனுடையதாகவும், பௌத்தர்கள் புத்தருடையதாகவும், இஸ்லாமியர்கள் ஆதமுடையதாகவும் போற்றுகின்றனர். டிசெம்பர் பௌர்ணமியில் தொடங்கும் பருவகாலம் மே மாத வெசாக் பௌர்ணமியோடு முடிகிறது. அக்காலத்தில்தான் வழியெங்கும் விளக்கும் தேநீர்க் கடைகளும் இருக்கும். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு பஸ்ஸில் வந்து, நள்ளிரவு கடந்து ஏறத் தொடங்கினால், 5,000க்கு மேற்பட்ட படிகளை ஏறிச் சூரிய உதயத்துக்கு உச்சியை அடையலாம். உதயம் முடிந்ததும் உடனே இறங்காமல் மேற்குப் பக்கம் திரும்பிப் பாருங்கள். மலையின் நிழல் முக்கோணமாக மேகத்தின் மீது விழுந்திருக்கும். போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறை நாட்களிலும் வார இறுதிகளிலும் படிகளில் மணிக்கணக்கில் நிற்க நேரிடும், ஆகவே வேலை நாளொன்றைத் தெரிவு செய்யுங்கள். ஏறும்போது வியர்த்த உடை உச்சியின் காற்றில் நடுங்க வைக்கும்; மாற்றுச் சட்டையும் கம்பளிச் சட்டையும் பையில் இருக்கட்டும். முழங்கால் வலி இறக்கத்தில்தான் வரும், ஒரு கைத்தடி பெரிதும் உதவும். முதியவர்கள் பாடிக்கொண்டே மெதுவாக ஏறுவார்கள். அவர்களை முந்தித் தள்ளாமல், அவர்கள் நடைக்கு ஏற்ப உங்கள் நடையை அமைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஆபத்துகள். அட்டை கடித்தால் பயப்பட எதுவும் இல்லை. காலில் சவர்க்காரம் பூசி, நீண்ட காலுறை அணிந்து சென்றால் பெரும்பாலும் தப்பலாம், கடித்த இடத்தில் இரத்தம் சிறிது நேரம் நிற்காமல் கசிவது இயல்பே. உண்மையில் அஞ்ச வேண்டியது குளவியை. தேயிலை மலைகளில் குளவிக்கொட்டுக்கு இலக்காகித் தொழிலாளர்கள் உயிரிழப்பது இன்றும் தொடர்கிறது. மரக்கிளையில் கூடு கண்டால் சத்தமின்றி விலகுங்கள். கலைந்துவிட்டால் கையை வீசாமல், தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு ஓடி ஒரு கட்டடத்துக்குள் புகுங்கள். பல கொட்டுகள் பட்டவரைத் தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். தோட்ட ஓரக் காடுகளில் சிறுத்தைகள் வாழ்வதால் இருட்டிய பிறகு தனியாக நடப்பதைத் தவிர்க்கவும்.

மண்சரிவை அலட்சியம் செய்யக் கூடாது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களையே மண் மூடியது. தொடர் மழையின்போது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச வாரியாக எச்சரிக்கை விடுக்கும். அந்த நாட்களில் எந்தச் சரிவிலும் நடக்க வேண்டாம். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரங்கள், திடீரெனக் கலங்கி ஊறும் நீர் ஆகியவற்றைக் கண்டால் திரும்பிவிட்டு, பக்கத்து லயத்தாரிடமும் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, பொலிஸ் 119, இலவச அம்புலன்ஸ் சேவை 1990. பள்ளத்தாக்குகளில் அலைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்காத இடங்கள் பல இருப்பதால், எந்தப் பாதையில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். தோட்டங்களிலிருந்து நகருக்குத் திரும்பும் கடைசி பஸ்ஸின் நேரத்தைக் காலையில் இறங்கும்போதே நடத்துனரிடம் கேட்டு வையுங்கள்.