தேயிலையா, தேக்கா? செயற்கைக்கோள் படத்தில் முதுமலையைப் பிரித்துப் பார்ப்பது எப்படி

மார்ச் மாதப் படம் ஒன்றை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், கூடலூர்த் தேயிலைத் தோட்டம் செழித்த காடாகவும் அதை ஒட்டிய முதுமலையின் இலையுதிர் காடு பொட்டலாகவும் தெரியும். அல்காரிதம் பார்ப்பது இலைப் பசுமையை. எந்தச் செடியின் இலை என்பது அதற்குத் தெரியாது. அதனால் இரண்டு பருவத்துப் படங்கள் தேவை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கைக்கோள் படத் தளமான கோப்பர்நிகஸ் பிரவுசரில் இலவசக் கணக்கு தொடங்கி, சென்டினல்-2 செயற்கைக்கோளின் லெவல்-2ஏ (காற்றுமண்டலத்தின் தாக்கம் நீக்கிய) படங்களில் மேகம் 10 சதவீதத்துக்குக் குறைவானவற்றைத் தேடுங்கள். டிசம்பர் கடைசியில் ஒன்று, மார்ச் முதல் பாதியில் ஒன்று. மார்ச் படம் கோடை மழைக்கு முந்தையதாக இருக்க வேண்டும். ஒரு நல்ல மழை விழுந்தாலே, இலையுதிர்ந்த மரங்களுக்கு அடியில் உண்ணிச்செடி துளிர்த்துக் காடே பச்சையாக இருப்பதுபோல் ஏமாற்றிவிடும்.

முழுக் கோப்பு கிட்டத்தட்ட 1 ஜிபி வரும். வேண்டியது மூன்றுதான்: 10 மீட்டர் கோப்புறையில் (படத்தின் ஒரு புள்ளி, அதாவது பிக்சல், தரையில் 10 மீட்டர்) 4-ஆம் ஒளிப்பட்டை (சிவப்பு), 8-ஆம் பட்டை (அண்மை அகச்சிவப்பு), 20 மீட்டர் கோப்புறையில் ஒவ்வொரு பிக்சலும் செடியா, மேகமா, தண்ணீரா என்று எண்ணால் குறிக்கும் எஸ்சிஎல் என்ற வகைப்பாட்டுப் படம். கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் திறந்து, அதன் ராஸ்டர் கால்குலேட்டரில் என்டிவிஐ என்ற பசுமைக் குறியீட்டைக் கணக்கிடுங்கள்: 8-இலிருந்து 4-ஐக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்.

பலரும் சறுக்குவது இங்கேதான். 2022 ஜனவரி 25 முதல் வெளியான கோப்புகளில் ஒவ்வொரு பட்டையின் மதிப்போடும் 1000 கூட்டப்பட்டிருக்கிறது. முதலில் அதைக் கழிக்க வேண்டும். சரியான மதிப்புகள் 3000, 500 என்றால் என்டிவிஐ 0.71. கழிக்காமல் 4000, 1500 என்று போட்டால் 0.45. பழைய படத்தோடு ஒப்பிட்டு, நிற்கிற காட்டை அழிந்துவிட்டதாக அறிவிக்க இந்த ஒரு பிழை போதும். படமெடுத்த தேதியை மட்டும் நம்பாதீர்கள். பழைய படங்களும் மறுபடி செயலாக்கப்பட்டு வந்திருக்கின்றன. கோப்புப் பெயரில் 'என்' எழுத்தை அடுத்த நான்கு இலக்கம் 0400 அல்லது அதற்கு மேல் என்றால் 1000 கழியுங்கள்.

அடுத்தது மேகம். எஸ்சிஎல்லில் 3 மேக நிழல், 8, 9, 10 மேகம்; இந்த இடங்களை நீக்குங்கள். 20 மீட்டரை 10 ஆக்கும்போது அருகிலுள்ள பிக்சலின் எண்ணை அப்படியே எடுக்கும் 'நியரஸ்ட் நெய்பர்' முறையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பைலீனியர் போட்டால் செடிக்குரிய 4-க்கும் மேகத்துக்குரிய 8-க்கும் சராசரி எடுத்து 6 என்று காட்டும். 6 என்றால் தண்ணீர்! டிசம்பரில் நீலகிரிச் சரிவின் வடமேற்கு முகம் காலை நிழலில் கிடக்கும். அங்கே வரும் எண்களையும் ஒதுக்கிவிடுங்கள்.

இப்போது டிசம்பர் என்டிவிஐயிலிருந்து மார்ச் என்டிவிஐயைக் கழியுங்கள். வித்தியாசம் பெரிதென்றால் இலையுதிர் காடு. இரண்டு மாதமும் மதிப்பு உயர்ந்தே இருந்தால் தேயிலை, சோலை (மலையின் பசுமைமாறாக் காடு), ஆற்றோர மரங்கள் இவற்றில் ஒன்று. இரண்டிலும் தாழ்ந்திருந்தால் பாறை, ஊர், சாலை. எல்லைக்கோட்டை 0.25-இல் வைத்துத் தொடங்கி, நன்கு தெரிந்த இருபது இடங்களோடு ஒத்துப்பார்த்து ஏற்றி இறக்குங்கள். எல்லா ஆண்டுக்கும் பொருந்தும் எண் கிடையாது.

தேயிலையையும் சோலையையும் என்டிவிஐ பிரிக்காது. அதற்குத் துல்லியம் கூடிய படத்தில் கண்ணால்தான் பார்க்க வேண்டும்: தேயிலையில் வரிசைக் கோடுகளும் இடைவிட்டு நட்ட சில்வர் ஓக் மரங்களும் தெரியும், சோலையின் மேற்பரப்பு மேடுபள்ளமாக இருக்கும். இந்திய வன அளவைத் துறையின் 'வனப்பரப்பு' வரையறையே 1 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவீத மர நிழல் இருந்தால் போதும் என்கிறது. தென்னந்தோப்பும் அதில் சேரும். அத்துறை அறிக்கையின் பரப்புக் கணக்கோடு உங்கள் கணக்கு ஒத்துவராவிட்டால் பதற வேண்டாம்.

மார்ச்சில் பசுமை சரிந்த இடம் தீயில் கருகியதாகவும் இருக்கலாம். 20 மீட்டர் கோப்புறையின் 8ஏ, 12 பட்டைகளில் இதே வாய்பாட்டைப் போடுங்கள். எரிந்த நிலத்தில் மதிப்பு சட்டென விழும், வெறும் இலையுதிர்வில் அவ்வளவு விழாது. பரப்பை எண்ணும் முன் ஐந்து பிக்சலுக்குக் குறைந்த துணுக்குகளை 'சீவ்' கருவியால் நீக்குங்கள். மீதியில் 10 மீட்டர் பிக்சல் நூறு சேர்ந்தால் ஒரு ஹெக்டேர்.