வாய், தொண்டைப் புற்றுநோய் வந்தபின் சுகரையும் பி.பி.யையும் மறக்கலாமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூருக்கு வாய்ப் புற்றுநோய் வைத்தியத்துக்காக வருகிறவர்களில் பலருடைய பையில் ஏற்கெனவே சுகர் மாத்திரையோ பி.பி. மாத்திரையோ இருக்கும். வாயைக் கெடுத்த அதே பீடியும் புகையிலையும்தான் நுரையீரலையும் இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் கெடுக்கின்றன. புற்றுநோய் ஒரே கட்டத்தில் இருந்தாலும், வேறு பெரிய நோய் உள்ளவருக்கு உயிர் பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது. ஆனால் அந்தக் குறைவில் ஒரு பங்கு நம் கையிலேயே இருக்கிறது.

ஆபரேஷன் செய்ய மாட்டார்களோ என்று பயந்து பழைய நோயை மறைப்பது முதல் தவறு. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து கிட்னியையும் காதையும் பாதிக்கும். அதனோடு நிறைய சலைன் ஏற்றுவார்கள். பலவீனமான இதயம் அதைத் தாங்காது. முன்பே தெரிந்தால் வேறு வழி உண்டு. சிஸ்பிளாட்டின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கதிர்வீச்சோடு டோசிடாக்செல் என்ற வேறொரு கீமோ மருந்தைக் கொடுத்துப் பார்த்தது மும்பை டாட்டா மருத்துவமனை. 2 ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் சுமார் 42 விழுக்காடு, இந்த மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் சுமார் 51 விழுக்காடு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்தவும் கூடாது.

நான் அதிகம் கவலைப்படுவது அடுத்த தவறைப் பற்றித்தான். 'இவ்வளவு பெரிய நோய் வந்துவிட்டது, இனி சுகர் என்ன சுகர்' என்று சிலர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். கீமோவின்போது வாந்திக்காகக் கொடுக்கும் ஸ்டீராய்டு சர்க்கரையை எகிற வைக்கும். புண் ஆறாது, கிருமி தொற்றும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க ஆரம்பித்து மூன்றாவது வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகி, அரை டம்ளர் கூழ்கூட இறங்காது. அப்போதும் பழைய அளவிலேயே சுகர் மாத்திரை போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். தண்ணீர் குறைந்த உடம்பில் பி.பி. மாத்திரையும் சேர்ந்தால் கிட்னி அடிவாங்கும். 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்ல விஷயம். ஆனால் அது பழைய அளவு. சாப்பாடு குறைந்த உடனே டாக்டரிடம் சொல்லி அளவை மாற்ற வேண்டும். மூக்கில் ட்யூப் வைத்தாலும் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கதிர்வீச்சு ஆறேழு வாரம் நடக்கும். நடுவில் விட்டுப்போகும் ஒவ்வொரு நாளும் புற்றுநோய்க்கே சாதகம். சர்க்கரை ஏறிக் காய்ச்சல் வந்தால் நாள் விட்டுப்போகிறது; ஆலங்காயத்திலிருந்தோ ஜவ்வாது மலையிலிருந்தோ தினமும் பஸ் ஏறி உடம்பு துவண்டாலும் அப்படித்தான். முடிந்தால் அந்த வாரங்களில் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே தங்கிவிடுங்கள். சொத்தைப் பல்லைக் கதிர்வீச்சுக்கு முன்பே பிடுங்கிவிட வேண்டும். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். பீடியை இப்போது விட்டாலும் பலன் உண்டு.

அப்புறம், 'வயசாச்சு, சுகர் வேற இருக்கு, வைத்தியமே வேண்டாம்' என்று வீட்டிலேயே முடிவெடுப்பது. சுகர் இறங்கட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருப்பதும் இதே வகைதான். இன்சுலின் போட்டால் பெரும்பாலும் சில நாட்களிலேயே கட்டுக்குள் வரும். எக்கோ (இதய ஸ்கேன்), கிட்னி பரிசோதனை எடுத்து, பொது மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் சேர்ந்து பார்த்த பிறகுதான் எது முடியும், எது முடியாது என்று தெரியும். முதல் ஓ.பி.க்குப் போகும்போதே பழைய சீட்டுகள், சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.